கேஸ் ஷீட்டில் ஏறாத நோய்

தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை எதன் வாசலிலாவது விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்றிருக்கிறீர்களா? டீக்கடையில் பாய்லர் கொதிக்கத் தொடங்கியிருக்கும். உள்ளேயிருந்து கைலியும் துண்டுமாக ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். பாதிப் பேர் துணைக்கு வந்தவர்கள். மீதிப் பேர் நோயாளிகள். புறங்கையில் ஊசி செருகி ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருக்கும். நாலு எட்டு வைத்ததும் நின்று மூச்சு வாங்குவார்கள், மறுபடி நடப்பார்கள், சாலையைக் கடந்து பெட்டிக்கடைக்குப் போவார்கள். அங்கே கம்பத்தில் ஒரு கயிறு தொங்கும். அதன் நுனியில் எந்நேரமும் ஒரு கங்கு இருக்கும். வாயில் வைத்த பீடியை அந்தக் கங்கில் பற்றவைத்துக் கண்ணை மூடி ஓர் இழுப்பு. அதன் பிறகுதான் டீ.

என் பெரியப்பாவை அப்படி ஒரு காலையில் பார்த்தேன். நெபுலைசர் முகமூடியைக் கழற்றி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. என்னைக் கண்டதும் பீடியைக் கைக்குள் மறைத்தார். அறுபதை நெருங்கிய மனிதர், கொத்தனார் வேலை பார்த்து ஊரில் பாதி வீட்டுக்குச் சுவர் எழுப்பியவர், பள்ளிக்கூடத்துப் பையனைப்போல விரல்களுக்குள் நெருப்பை ஒளித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்தது. நடுரோட்டில் வைத்துத் திட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தால் ஒரு பயனும் இல்லை என்பது எனக்குப் புரிய இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

பெரியம்மா அவருடைய டிஸ்சார்ஜ் தாள்களை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். நாலு வருடத்தில் ஏழு முறை. ஒருநாள் இரவு அந்த ஏழையும் தரையில் வரிசையாகப் பரப்பிப் படித்தேன். நோயின் பெயர், ஆக்சிஜன் அளவு, ஊசி, மாத்திரை, இன்ஹேலர் எல்லாம் தேதிவாரியாக இருந்தன. ஒவ்வொரு தாளிலும் மேலே ‘ஸ்மோக்கர்’ என்று ஒரு சொல். ஒவ்வொரு தாளிலும் கீழே ‘புகைப்பதை நிறுத்தவும்’ என்று ஒரு வரி. அந்தச் சொல்லுக்கும் அந்த வரிக்கும் நடுவே, அதற்கென்று ஒரு மருந்து இல்லை, திரும்ப வந்து பார்க்க ஒரு தேதி இல்லை, பேசுவதற்கு ஓர் ஆள் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை எழுதுகிறோம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதுகிறோம். ஒரு மனிதரை ஏழு முறை அதே கட்டிலுக்குக் கொண்டுவந்து கிடத்திய பழக்கத்துக்கு மட்டும் ஒரு கட்டளையோடு விட்டுவிடுகிறோம். அவருடைய நோய்களில் ஒன்றாக அது ஏறவில்லை. அவருடைய குணமாக ஏறியிருந்தது.

ஒரு மருத்துவமனையையோ ஒரு மருத்துவரையோ நான் குறைசொல்ல வரவில்லை. நாடு முழுக்க நிலைமை இதுதான். மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக 2016-17ல் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பில், அதற்கு முந்தைய 12 மாதங்களில் சிகிச்சைக்குப் போயிருந்த புகைப்பழக்கக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: ‘நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னார்களா?’ ஆம் என்றவர்கள் 48.8 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒற்றை வரியைக்கூடக் கேட்காமல் வீடு திரும்பியிருக்கிறார்கள். அதே கணக்கெடுப்பில், விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் இருப்பதாகச் சொன்ன புகைப்பழக்கக்காரர்கள் 55.4 சதவீதம். விட நினைக்கிறவரும் விடவைக்கத் தெரிந்தவரும் ஒரே கட்டிலருகே சந்திக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசாமலே பிரிகிறார்கள்.

மூச்சை விட முடியாதவர்கள்

நெஞ்சக நோய் வார்டில் இரவு தங்கியவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் படுத்துத் தூங்குவதில்லை. உட்கார்ந்தபடி, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே இருப்பார்கள். தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்தபடி கண்ணயர்வார்கள். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கும். கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். மார்கழி, தை மாதங்களில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்திருப்பார்கள்.

மருத்துவர்கள் சிஓபிடி என்று சொல்லும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இது. நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. புகை அவற்றின் மெல்லிய சுவர்களை வருடக்கணக்கில் அரித்து உடைக்கிறது. சின்னச்சின்ன அறைகள் பல சேர்ந்து தொளதொளத்த பெரிய பைகளாகின்றன. ஊதிய பலூன் தானாகச் சுருங்கிக் காற்றை வெளியே தள்ளும். பலமுறை ஊதிப் பழசாகிப்போன பலூன் தள்ளாது. அதுபோல உள்ளே போன காற்று வெளியே வராமல் தேங்குகிறது. இந்த நோயாளிக்கு மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. பழைய காற்று இறங்கினால்தானே புதுக்காற்றுக்கு இடம்? உடைந்த சுவர் திரும்ப வளராது. இன்ஹேலரும் ஆக்சிஜனும் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான்.

இந்தியாவில் 2016ல் இந்த நோயோடு வாழ்ந்தவர்கள் சுமார் 5 கோடியே 50 லட்சம் பேர் என்று நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. அந்த வருடம் நாட்டில் நிகழ்ந்த சாவுகளில் 10.9 சதவீதம் நாள்பட்ட சுவாச நோய்களால் நேர்ந்தவை. எல்லாப் பழியையும் பீடியின்மேல் போடுவது நியாயமாகாது. விறகடுப்பின் முன்னால் முப்பது வருடம் குனிந்து ஊதிய பெண்கள் ஒரு பீடிகூடத் தொடாமல் இதே வார்டில் கிடக்கிறார்கள். காற்று மாசின் பங்கு மிகப் பெரியது. ஆனால் ஆண்கள் வார்டில் ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் ‘ஸ்மோக்கிங் இண்டெக்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும். நாளுக்கு எத்தனை பீடி, எத்தனை வருடம் என்று பெருக்கி வருவது அது. 300ஐத் தாண்டினால் கடும்பழக்கம். பெரியப்பா பதினேழு வயதில் தொடங்கியவர். நாளுக்கு ஒரு கட்டு, அதாவது 25 பீடி, 42 வருடம். 1050. கணக்குப் போட மருத்துவம் கற்றிருக்கிறது. அந்தக் கணக்கை வைத்து அடுத்து என்ன செய்வது என்பதில்தான் நின்றுபோகிறது.

மருத்துவமனைக்கு இந்த நோய் ஏன் இவ்வளவு பெரிய பாரம் என்றால், இது முடிவதில்லை. குடல்வால் அழற்சிக்காரருக்கு அறுவை முடிந்தால் கட்டில் காலியாகும். சிஓபிடிக்காரர் ஒரு சளிக்கு வருவார். ஒரு வாரம் பத்து நாள் ஆக்சிஜன் கட்டிலில் இருப்பார். போவார். அடுத்த பனிக்கு, கொஞ்சம் கூடுதலாக மெலிந்து, திரும்ப வருவார். ஒவ்வொரு வருகைக்குப் பிறகும் நுரையீரலின் திறன் ஒரு படி இறங்கியிருக்கும். கடைசிக் கட்டங்களில் முகத்தோடு இறுக்கிக் கட்டும் பைபாப் எந்திரம், அதற்கும் மேலே வென்டிலேட்டர். அவசரத்துக்கு வரும் வேறொருவருக்குக் கிடைக்க வேண்டிய கட்டில் அது என்பது செவிலியருக்கும் தெரியும், நோயாளியின் மனைவிக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

வீடு வீடாகக் கேட்ட கேள்வி

புகை என்றதும் புற்றுநோய் என்று நமக்கு மனதில் பதிந்திருக்கிறது. சிகரெட் அட்டையில் இருக்கும் படம் அது. தியேட்டரில் படம் தொடங்கும் முன் ஒலிக்கும் குரலும் அதைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டுச் சாவுகளை எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது வேறு.

1990களின் பிற்பகுதியில் சென்னையில் டாக்டர் வி. கஜலட்சுமியின் குழு ஒரு பெரிய வேலையை எடுத்துக்கொண்டது. சென்னை நகரிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன ஆண்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் மனைவியிடமும் மகனிடமும் உட்கார்ந்து கேட்டார்கள்: எப்படி இறந்தார்? கடைசி நாட்களில் என்ன செய்தது? இருமலா, நெஞ்சுவலியா, காய்ச்சலா? புகைப்பாரா, எத்தனை, எப்போதிருந்து? 43,000 ஆண்களின் சாவு. ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடிருந்த 35,000 ஆண்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ போன்றவர்களும் சேர்ந்து அலசிய முடிவுகள் 2003ல் ‘லான்செட்’ இதழில் வந்தன.

25 முதல் 69 வயதுவரை உள்ள நகரத்து ஆண்களில், புகைத்தவர்களின் இறப்பு விகிதம் புகைக்காதவர்களைப்போல இரண்டு மடங்கு. அது எதிர்பார்த்ததுதான். உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது அதற்குள் இருந்த பிரிவுக் கணக்கு. கூடுதலாக நிகழ்ந்த சாவுகளில் மூன்றில் ஒரு பங்கு மாரடைப்பும் பக்கவாதமும் போன்ற ரத்தக்குழாய் நோய்கள். புற்றுநோய் 11 சதவீதம்தான். இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சுவாச நோய்கள், அவற்றில் முதலிடம் காசநோய்க்கு. புகைத்த நகரத்து ஆண் காசநோயால் சாகும் வாய்ப்பு புகைக்காதவரைவிட நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம் என்று அந்தக் கட்டுரை முடிவு கட்டியது.

இந்த முடிவு தமிழ்நாட்டிலிருந்து போனது என்பதை நினைக்க எனக்குப் பெருமையாகவும் வேதனையாகவும் இருக்கிறது. காசநோய்க்கும் சென்னைக்கும் நெடுநாள் உறவு. 1928ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கி, 1937ல் அரசு ஏற்றுக்கொண்ட காசநோய் மருத்துவமனையால்தான் தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையமே பெயர் வாங்கியது. காசநோய்க்குச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டே குணமாகலாம் என்று 1950களின் இறுதியில் உலகுக்கு நிரூபித்ததும் சென்னைதான். அப்படி விடுவித்த கட்டில்களைப் புகை திரும்ப நிரப்புகிறது. காசநோய்க் கிருமி நம்மில் மிகப் பலருடைய உடம்பில் சத்தமில்லாமல் உறங்குகிறது. மூச்சுக்குழாயில் அழுக்கைப் பெருக்கித் தள்ளும் நுண்மயிர்களைப் புகை செயலிழக்கச் செய்கிறது. கிருமியை விழுங்கும் காவல் செல்களையும் சோர்ந்துபோக வைக்கிறது. உறங்கியது விழித்துக்கொள்கிறது. அந்த நோயாளி இருமும்போது அது அவரோடு நிற்பதில்லை. புகைக்காத மனைவிக்கும் மடியில் கிடக்கும் பேரனுக்கும் போய்ச் சேர்கிறது.

காசநோய் மையத்தில் ஆறு மாதம் மாத்திரை தருகிறோம். சத்துணவுக்குப் பணம் தருகிறோம். மாத்திரை விழுங்கினாரா என்று போன் போட்டுக் கேட்கிறோம். பீடி நின்றதா என்றும் அதே அக்கறையோடு கேட்க வேண்டாமா?

கால் விரலில் தொடங்குவது

மாரடைப்பைப் பற்றி ஓரளவு எல்லோருக்கும் தெரியும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் சொரசொரப்பாகிறது. ரத்தம் உறைய அவசரப்படுகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்துவிடுவதாகக் கண்டது. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. நடுவில் உள்ள அந்த ஆறு வருடத்தில்தான் நம் வீடுகளில் மகளுக்குக் கல்யாணம் நடக்கிறது, மகன் கல்லூரியில் இருக்கிறான், வீட்டுக் கடன் பாதியில் நிற்கிறது.

அதிகம் பேசப்படாத ஒரு நோயைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனை ரத்தநாள அறுவைப் பிரிவுக்குப் போனால் முப்பது, நாற்பது வயது ஆண்களைப் பார்க்கலாம். சர்க்கரை கிடையாது. கொழுப்பு கிடையாது. முதலில் நடந்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறது என்பார்கள். பிறகு பாதம் சில்லிடும். பிறகு ஒரு விரல் நுனி நீலமாகி, கருத்து, புண்ணாகும். இரவெல்லாம் வலி. காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால் கொஞ்சம் குறையும் என்று அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். பர்கர் நோய் என்று இதற்குப் பெயர். 1908ல் இதை விரிவாக எழுதிய லியோ பர்கரின் பெயர் அது. கை கால்களின் சிறிய, நடுத்தர ரத்தக்குழாய்கள் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் நோய். கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள். நம் நாட்டில் பெரும்பாலும் பீடி பிடிக்கும் உழைப்பாளிகள்: வயலில் நிற்பவர்கள், மூட்டை சுமப்பவர்கள், காலை நம்பிச் சோறு தின்பவர்கள்.

இந்த நோயில் ஒரு விசித்திரமான தெளிவு உண்டு. புகையை முழுவதுமாக நிறுத்தியவருக்குப் பெரும்பாலும் கால் தப்பும். தொடர்ந்தவருக்கு முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. நாளுக்கு ஒன்றிரண்டு என்று குறைத்துக்கொண்டாலும் நோய் நிற்பதில்லை. இதற்கு உறுதியான ஒரே மருத்துவம் நிறுத்துவதுதான் என்று எல்லாப் பாடநூலும் சொல்கிறது. விரலை எடுப்பதற்கு அறுவை அரங்கம் இருக்கிறது, மயக்க மருத்துவர் இருக்கிறார், காப்பீடு இருக்கிறது. அந்த ஒரே மருத்துவத்தைக் கொடுப்பதற்கு அந்த வார்டில் யாருடைய வேலைப் பட்டியலிலாவது ஓர் அரைமணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

தட்டும் தூளும்

பெரியப்பா பிடித்த பீடியைச் சுற்றியது பெரியம்மா கை. அவர் சுற்றியதையேதான் பிடித்தார் என்று சொல்ல முடியாது. எல்லாம் கம்பெனிக்குப் போய் எங்கெங்கோ போகும். ஆனால் ஆலங்குளம், முக்கூடல், கடையநல்லூர் பக்கத்து ஊர்களில் பிறந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்த பெண்கள், மடியில் தட்டு, தட்டில் புகையிலைத் தூள், பக்கத்தில் ஈரச் சாக்கில் சுற்றிய இலை. வடக்கே மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வரும் தெண்டு இலை அது. இரவே நனைத்துவைத்து, காலையில் தகர அளவு வைத்துக் கத்தரித்து, தூள் இட்டு, உருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டி, 25 பீடி ஒரு கட்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பேசிக்கொண்டே சுற்றுவார்கள், பார்க்காமலே சுற்றுவார்கள். பெரியம்மா ரேடியோ கேட்டுக்கொண்டே சுற்றுவார். நான் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் கட்டியதில் அந்தத் தூளின் பங்கு உண்டு.

இதைச் சொல்லாமல் பீடியைப் பற்றி எழுதுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. பெண்ணின் கையில் நேரடியாகக் கூலி வந்த தொழில் அது. வருங்கால வைப்பு நிதியும் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் வந்தன. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று ஒரு மத்திய அரசு மருத்துவமனையே உண்டு. அதே தொழில் பெரியம்மாவின் மூச்சையும் தொட்டது. நாள் முழுக்கத் தூளோடு இருப்பவர்களுக்கு இருமலும் தும்மலும் கண்ணெரிச்சலும் தலைசுற்றலும் சொத்துபோல வந்து சேரும். கழுத்தும் இடுப்பும் நிமிராது. ஒரே வீட்டில் ஒருவர் சுற்றி இருமினார், ஒருவர் பிடித்து இருமினார்.

பீடி லேசானது, சிகரெட்டைப்போலக் கெடுதல் இல்லை என்று எங்கள் ஊரில் இன்றும் நம்புகிறார்கள். ஒரு பீடியில் இருக்கும் புகையிலை சிகரெட்டில் இருப்பதில் கால் பங்குதான் என்பது உண்மை. ஆனால் இலை காற்றைச் சுலபமாக உள்ளே விடாது. அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். 11 லட்சம் வீடுகளில் நடந்து 2008ல் வெளியான பிரபாத் ஜா குழுவின் ஆய்வு, பீடி பிடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 வருட ஆயுளை இழப்பதாகக் கண்டது. பீடி பிடிக்கும் பெண்கள் 8 வருடம். சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 10 வருடம்.

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. தொழிலாளர் நலன் கருதி என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. என் பெரியம்மாக்களுக்கு நன்மை செய்ய அவர்களுடைய புருஷன்மார் பிடிக்கும் பீடியை மலிவாக்கத்தான் வேண்டுமா? இந்தியா 2004ல் ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17வது பிரிவு, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வாழ வேறு வழி உருவாக்கித் தரச் சொல்கிறது. அந்தப் பிரிவின்படி தென்காசி மாவட்டத்துத் திண்ணை ஒன்றுக்கு வேறு வேலை வந்திருந்தால், அதைத்தான் நான் தொழிலாளர் நலன் என்று எழுதுவேன்.

நூறு ரூபாய்க்கு எண்ணூறு

பணக்கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017-18ல் 35 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களுக்குப் புகையிலையால் வந்த நோயும் சாவும் நாட்டுக்கு வைத்த செலவு 1,77,341 கோடி ரூபாய் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. மென்று தின்னும் புகையிலையும் இதில் சேர்த்தி, என்றாலும் முக்கால் பங்கு புகைப்பதால் வந்தது. நேரடி மருத்துவச் செலவு இதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மற்றதெல்லாம் வேலைக்குப் போக முடியாத நாட்களும், காலத்துக்கு முன்பே நின்றுபோன உழைப்பும். புகையிலைப் பொருட்களில் கலால் வரியாக அரசுக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சமூகத்தின் தலையில் விழுந்த சுமை 816 ரூபாய் என்று அதே ஆய்வு சொல்கிறது. வருமானம் போய்விடும் என்று கவலைப்படுபவர்கள் இந்த ஓர் எண்ணை வைத்துப் பேசட்டும்.

எந்த ஆய்விலும் முழுதாக வராத செலவு ஒன்று இருக்கிறது. அரசு மருத்துவமனையில் கட்டில் இலவசம், மாத்திரை இலவசம். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடக்கும் மனைவியின் பத்து நாள் கூலிக்கு யார் பொறுப்பு? பெரியம்மா ஒவ்வொரு முறையும் தட்டையும் கையோடு கொண்டுவரப் பார்த்தார். வார்டுக்குள் தூள் கூடாது என்றார்கள். சரிதான். சுற்றாத ஆயிரங்கள் அப்படியே கடனாகின.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2003ல் வந்த புகையிலைச் சட்டம், அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் வந்த தடை, 2016ல் அட்டையின் 85 சதவீதத்தை எச்சரிக்கைப் படத்துக்குக் கொடுத்த விதி எல்லாம் சேர்ந்து பலன் தந்திருக்கின்றன. பஸ்ஸுக்குள் பீடி பிடித்த காலம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 2009-10ல் 34.6 சதவீதமாக இருந்த புகையிலைப் பழக்கம் 2016-17ல் 28.6 ஆனது. புதிதாகத் தொடங்குபவர்களை இவை தடுக்கும். நாற்பது வருடமாகப் பிடிப்பவரைச் சட்டம் எட்டுவதில்லை. அவரை எட்டும் ஒரே இடம் மருத்துவமனை.

கட்டிலருகே சில நிமிடங்கள்

நிக்கோட்டின் உறிஞ்சப்பட்ட சில நொடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. இல்லாதபோது எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, மலச்சிக்கல் என்று உடம்பு பழிவாங்குகிறது. மன உறுதி இல்லாதவன் என்று நாம் திட்டும் மனிதர் உண்மையில் ஒரு ரசாயனத்தின் பிடியில் இருக்கிறார். அந்தப் பிடியைத் தளர்த்த மருந்துகள் இருக்கின்றன. நிக்கோட்டின் சூயிங்கமும் பட்டையும் 2009லும், புப்ரோபியான், வரெனிக்ளின் மாத்திரைகள் 2021லும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டன. ஒரு மருத்துவர் இரண்டு நிமிடம் நிதானமாகச் சொல்வதே நூற்றில் ஓரிருவரைக் கூடுதலாக விடவைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஓரிருவர்தானா என்று தோன்றும். நாள்தோறும் ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும் ஒரு புறநோயாளர் பிரிவில் வைத்து அதை எண்ணிப் பாருங்கள்.

கனடாவின் ஒட்டாவா இதய மருத்துவமனை 2002 வாக்கில் எளிமையான ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தது. படுக்கையில் சேரும் ஒவ்வொருவரிடமும் புகைப்பாரா என்று கேட்டு எழுதுவது, புகைப்பவருக்குக் கட்டிலிலேயே மருந்து தொடங்குவது, வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் போனில் கூப்பிட்டு விசாரிப்பது. பிறகு ஒன்டாரியோ மாநிலத்தின் 14 மருத்துவமனைகளில் இதை அளந்து பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 13.3 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் மறுபடி படுக்கைக்கு வந்தார்கள். இந்த உதவி கிடைத்தவர்களில் 7.1 சதவீதம்தான். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 11.4 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தார்கள். புதிய எந்திரம் இல்லை, புதிய கட்டடம் இல்லை. மருத்துவமனைக் கட்டிலை இவ்வளவு மலிவாகக் காலிசெய்த வேறொரு சிகிச்சையை நான் படித்ததில்லை.

நம்மால் முடியாதது இதில் என்ன இருக்கிறது? 2021ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலரின் பதிவேட்டில் இன்னொரு கட்டம் போட்டால் போதும். தென்னாப்பிரிக்கா 1998லேயே இறப்புப் பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தது: இறந்தவர் ஐந்து வருடங்களுக்கு முன்பு புகைப்பவராக இருந்தாரா? நம்முடைய நாட்டில் கஜலட்சுமியின் குழு வருடக்கணக்கில் தெருத்தெருவாக நடந்து சேகரித்ததை அங்கே ஒவ்வொரு சாவும் தானாகவே சொல்லிவிடுகிறது. எண்ணப்படாத சாவுக்கு யாரும் பட்ஜெட் ஒதுக்குவதில்லை. விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பீடிக் கட்டிலும் சிகரெட் அட்டையிலும் அச்சாகி வருகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத கொத்தனார் ஒருவருக்கு அதை யாராவது போட்டுக்கொடுக்க வேண்டும்.

இனி விட்டு என்ன ஆகப்போகிறது என்பதுதான் வார்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பெரியப்பாவும் அதைத்தான் சொல்வார். 1951ல் தொடங்கி ஐம்பது வருடம் பிரிட்டிஷ் மருத்துவர்களைத் தொடர்ந்து பார்த்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 30 வயதில் விட்டவர்கள் 10 வருடம் திரும்பப் பெற்றார்கள், 40ல் விட்டவர்கள் 9, 50ல் விட்டவர்கள் 6. அறுபதில் விட்டவர்களுக்கும் 3 வருடம் கிடைத்தது.

ஏழாவது முறை படுத்திருந்தபோது பெரியப்பாவின் கட்டிலுக்கு ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண் வந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி என்று கேட்டாள். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் பிடி மிகக் கடுமை என்று பொருள், மருந்தின் அளவை அதை வைத்தே முடிவு செய்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கண் முழிக்கும் முன்னே கை தேடும் என்றார் இவர். சாப்பிட்ட பிறகா, வெளிக்குப் போகும்போதா, சாரத்திலிருந்து இறங்கியதுமா, எந்தப் பீடியை விடுவது சுலபம், எது கஷ்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். அந்தத் தாளும் மஞ்சள் பையில் இருக்கிறது. நான் முதல் இரவு படித்தபோது டிஸ்சார்ஜ் தாளாக இல்லாததால் ஒதுக்கிவைத்திருந்தேன்.

அவர் உடனே விட்டுவிடவில்லை. இரண்டு முறை நிறுத்தி, இரண்டு முறை திரும்பப் போனார். மூன்றாவது முறை நின்றது. அதன் பிறகு அவர் இருந்த மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறைதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த முறை, வாசலில் டீ குடிக்கும்போது, அந்தக் கயிற்றுக் கங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஏன் குடிக்கிய, ஏன் குடிக்கியன்னு எல்லாரும் கேட்டாவ. நீயுந்தான் கேட்ட. எப்பக் குடிக்கியன்னு அந்தப் புள்ள ஒருத்திதான் கேட்டா.”